ஆமைக்கரட்டுக்குத் திரும்பிப் போகும் ரோடு

சுக்காம்பாறையில் மழை பெய்தால் ரோடு வீட்டுக்குப் போய்விடும்.

ரோட்டுக்கு ஏது வீடு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஆமை படுத்த மாதிரி ஒரு சின்னக் குன்று, பேரே ஆமைக்கரடுதான், அதன் இடுப்பில் வெடிவைத்து, உடைத்து, கிரஷரில் அரைத்து, ஜல்லியாக்கி, கொதிக்கிற தாரில் பிரட்டி, ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே விரித்து, மேலே ரோலரை ஓட்டி நசுக்கித் தார் ரோடு என்று பேர் வைத்தது மனுஷன்தான், கல்லை ஒரு வார்த்தை கேட்டு யாரும் செய்யவில்லை. அதனால் ஐப்பசியில் முதல் கனத்த மழை விழுந்து, வெயிலில் வெளுத்துக் கிடந்த தாருக்குள் தண்ணீர் இறங்கியதும், ஒவ்வொரு கல்லும் தாரின் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளும், குளிப்பாட்டிவிட்ட நாய் மாதிரி ஒரு உதறு உதறும், பெரிய கல் முன்னாலும் பொடிக்கல் பின்னாலுமாக வரிசை கட்டி மேற்கே பார்த்து உருள ஆரம்பித்துவிடும்.

ஊர் இதை அதிசயமாக நினைத்ததே கிடையாது. நினைக்க நேரம் எங்கே இருக்கிறது? மழை இருட்டிக்கொண்டு வந்தால் மேற்குத் தெரு வீடுகளில் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைப்பார்கள், பாயைச் சுருட்டுவார்கள், தொட்டிலை ஒரு சுற்று உயர்த்திக் கட்டுவார்கள், ரோடு இந்த வாசல் வழியாக வந்து அந்த வாசல் வழியாகப் போய்விடும். கட்டிலுக்கு அடியில் ஒன்றிரண்டு கல் மாட்டிக்கொண்டு திணறினால் வீட்டுக்காரி குனிந்து எடுத்து, உன் ஆளுங்க அங்கன போறாங்க பாரு என்று வெளியே விட்டுவிடுவாள். பஸ் டிரைவர் பாதி வழியில் இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். ரோட்டில் படுத்துத் தூங்குகிற சடையன் மட்டும் வருஷா வருஷம் கரட்டடியில் கண்விழித்து, இன்னைக்கு ரொம்பக் குடிச்சுட்டேன் போல என்று சொல்லிக்கொண்டு நடந்து வருவான். பெண் கட்டிக்கொடுத்த வீடுகளில் கோபப்படக்கூட மாட்டார்கள். பிறந்த இடத்துக்குப் போகிறதை யார் தடுக்கிறது என்பார்கள்.

கல் போன பிறகு மிச்சம் இருக்கிறது வெறும் தார், சாப்பிட்டு மடக்கின இலை மாதிரி சுருண்டு கிடக்கும், அதற்குள் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். பஸ் வராது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுகொண்டு போன் பண்ணும். கோடை வந்ததும் அதே கரட்டில் அதே கல்லை அள்ளி, போன வருஷ ரோட்டையே இந்த வருஷமும் போடுவார்கள்.

கல் லாரி ஊர் எல்லைக்கு வரும்போது மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது சுக்காம்பாறைக்காரர்கள் வழக்கம். இந்த ஊருக்குப் பிழைக்க வருகிற எதற்கும் எல்லையில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே கூப்பிடுவார்கள், புதுப்பெண்ணுக்கு ஊற்றுவார்கள், உழவு மாட்டுக்கு ஊற்றுவார்கள், கரண்டு ஆபீஸ்காரர்கள் புது டிரான்ஸ்பார்மர் கொண்டுவந்தபோது அதற்கும் ஊற்றி ஊரே இருட்டில் கிடந்தது. அதற்காக வழக்கத்தை விடவில்லை. கல் லாரிக்குக் குடம் ஒன்று போதாது, வரிசையாக நின்று ஊற்றுவார்கள், கல் குளிரக் குளிர நனைந்து, டயர் வழியாக மஞ்சளாய் ஒழுகிக்கொண்டு ஊருக்குள் போகும்.

முதல் குடம் எடுப்பவள் கல்யாணம் ஆகாத பெண்ணாக இருக்கவேண்டும். சில வருஷமாக அது மரிக்கொழுந்துதான்.

மரிக்கொழுந்துக்கு இருபது வயது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு வரவில்லை, வராததை வருகிற மாதிரி காட்டிக்கொள்ளவும் வரவில்லை, எழுந்து வந்துவிட்டாள். வண்டி ஓட்டுவது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது. அண்ணன் சிங்கப்பூர் போகும்போது விட்டுப்போன ஷேர் ஆட்டோவை, லைசென்ஸ் எடுத்த மறுநாளே கிளப்பி, வெங்காய மூட்டையையும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்கும் ஊருக்குமாய்ப் பறந்தாள். ரோடு இருக்கிற வரைக்கும். ரோடு போனதும் ஆட்டோ வேப்பமரத்தடியில் நின்றது, பின்சீட்டில் கோழி முட்டையிட்டது.

அவள் அப்பா சோணைமுத்து கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். வண்டி பாதி வருஷம் ஓடி பாதி வருஷம் நின்றால் வீடு எப்படி ஓடும் என்று கேட்டார், கேள்வி நியாயம்தான். இந்த ஐப்பசியிலும் ரோடு போனால் ஆட்டோவைக் கொடுத்துவிட்டு நீ நூல் மில்லுக்குக் கிளம்பு என்று சொல்லிவிட்டார். மில்லில் ஆஸ்டல் உண்டு, ஆஸ்டலுக்கு உயரமாய்ச் சுவர் உண்டு, பொங்கலுக்குப் பொங்கல்தான் கதவு திறக்கும். இவளோடு படித்த பெண் ஒருத்தி போய்த் திரும்பிவந்தாள், பேச்சுக்கு நடுவே இருமினால் பஞ்சு பறக்கிற மாதிரி இருந்தது. ஊர் ஊராய் வேனில் வந்து பெண்களைக் கூட்டிப்போகிற மில் அக்கா வீட்டுக்கே வந்து, சிரித்த முகமாய்க் காபி குடித்து, மழை முடிஞ்சதும் வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் ரோடு வீட்டுக்குப் போவது தெரியும்.

அந்தக் கோடையில் ரோடு போடுகிற வேலைக்குப் புது இஞ்சினியராக வந்தது பெனிட்டா மேடம். பைக்கில் வந்தாள், தொப்பி போட்டிருந்தாள், யாரையும் அதட்டவில்லை. ஆபீஸில் இதுதான் கடைசித் தார் ரோடு என்று சொல்லிவிட்டதை மறைக்காமல் சொன்னாள், இதுவும் போனால் இனிமேல் கிராவல் மண்ணைக் கொட்டிவிட்டுக் கைகழுவிவிடுவார்களாம். கல் ஏன் போகிறது என்பதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஆமைக்கரட்டுக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர்மேல் ஆசை ஜாஸ்தி. தார் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நடுவே துளி தண்ணீர் புகுந்துவிட்டால் கல் தண்ணீர் பக்கம் சாய்ந்துவிடும், தாரின் கை நழுவிவிடும், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகும். கல்லுக்கு முதலிலேயே சுண்ணாம்புத் தூளைப் பூசிவிட்டால் அதன் மனசு தார் பக்கம் திரும்பும். கேட்டவர்களுக்கு உடனே பிடித்துவிட்டது. சுண்ணாம்பு தடவாமல் வெற்றிலையை மென்றால் வாய் சிவக்காது என்று தெரிந்த ஊர், ரோட்டுக்கும் அதே பக்குவம்தான் போல என்று தலையாட்டினார்கள்.

முதலில் ஒரு துண்டு மட்டும் போட்டுப் பார்த்தார்கள், ஊர் கூடுகிற மந்தையிலிருந்து ரேஷன் கடை தாண்டிப் புளியமரம் வரைக்கும். கண்மாய்க்கரையில் கலவை மிஷின் நின்று உருண்டது, கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள், ரோலர் ஓடியது, ஊரே கறுப்பாய் மினுங்கியது. அந்த வாரமே ஒரு கோடை மழை.

ரோடு போய்விட்டது. இந்தத் தடவை சுண்ணாம்பு பூசின உடம்போடு, பட்டை அடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற கூட்டம் மாதிரி, வெள்ளை வெள்ளையாய்ப் போனது. பெனிட்டா மேடம் மைல்கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

மரிக்கொழுந்துக்கு உட்காரத் தோன்றவில்லை, கோபம்தான் வந்தது. ஆட்டோவைக் கிளப்பி, உருண்டுபோகிற கல்லோடு கல்லாகத் துரத்திக்கொண்டே போனாள், போகிற வழியெல்லாம் திட்டினாள், உங்களுக்கென்ன, வீடு இருக்கு போறீங்க, நான் எங்க போறது என்று கத்தினாள், கல் எதற்கும் காது கொடுக்கவில்லை. கரட்டடி வரைக்கும் விரட்டிவிட்டு, தொண்டை கட்டிப்போய், குலுங்கிக் குலுங்கி வெறும் தாரில் திரும்பி வரும்போது, ரேஷன் கடைக்கு முன்னால் ஆட்டோ திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. குலுங்கவில்லை. பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தாள். ரேஷன் கடையிலிருந்து புளியமரம் வரைக்கும் ரோடு அப்படியே இருந்தது. காலால் உதைத்தாள், அசையவில்லை.

அதே கல், அதே தார், அதே சுண்ணாம்பு. இது மட்டும் ஏன் போகவில்லை? குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தாள். இந்தத் துண்டுக்குக் கல் வந்த அன்றைக்குத்தான் கோணையன் கிழவர் செத்துப்போனார். ஊருக்குத் தீட்டு, குடம் எடுக்கக்கூடாது, லாரி எல்லையில் நிற்காமல் காய்ந்தபடியே உள்ளே வந்தது. மற்ற லாரிக்கெல்லாம் முதல் குடம் ஊற்றியது யார்? இவள்தான். இரண்டு கையாலும் தூக்கி, கல் குளிரட்டும் என்று, நிதானமாக ஊற்றினாள்.

பெனிட்டா மேடத்திடம் போய் அப்படியே சொன்னாள். மேடத்துக்கு மஞ்சள் தண்ணீர் விஷயமே தெரியாது, எல்லையில் நடப்பது கண்மாய்க்கரையில் நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? எழுந்துபோய் மிச்சம் கிடந்த ஜல்லிக் குவியலில் முழங்கை வரைக்கும் கையை விட்டாள், வெளியே எடுத்தபோது விரலெல்லாம் மஞ்சளாய் ஈரம். மிஷின் சூட்டில் மேல் ஈரம்தான் போகிறது, உள்ளே ஊறினது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு மழை கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்கிறது என்று சொன்னாள். சொல்லும்போதே தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சுண்ணாம்பு வேண்டும், காய்ந்த கல்லும் வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும், எனக்குப் பாதி தெரிஞ்சிருந்தது, மிச்சம் உனக்குத் தெரிஞ்சிருக்கு, வா என்றாள்.

ஊரை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பாடு. மந்தையில் கூட்டம் போட்டார்கள். மஞ்சள் தண்ணீருக்குப் பொறுப்பு ஒச்சம்மா, மரிக்கொழுந்துக்கு மதினி முறை, பெரியப்பா மகனைக் கட்டினவள், அவள் குரல் எழும்பினால் காக்கா பறக்கும். மரிக்கொழுந்து விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்னே ஒச்சம்மா எழுந்துவிட்டாள்.

“வாசல் தேடி வந்ததை வறண்ட கையோட வான்னு கூப்பிடச் சொல்றியாடி?”

“நம்ம ஊத்துற தண்ணிதான் மதினி அதுக்கு வழிகாட்டுது. மேல இருந்து பெய்யறதுக்கு முன்னாடியே உள்ள வச்சு அனுப்புறோம்.”

“தண்ணி ஊத்திக் கூப்பிட்டது எங்கடி ஓடிப் போயிருக்கு?”

“உங்களுக்கும்தான் ஊத்துனாங்க. எத்தன தடவ பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனீங்க?”

மந்தை கொல்லென்று சிரித்தது. ஒச்சம்மா புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு எதையோ தேடினார். ஒச்சம்மா இடுப்பில் கைவைத்து இவளையே பார்த்தாள், இன்றைக்கு இவள் தீர்ந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“நான் போனது தண்ணியாலயா? உங்க அண்ணனாலடி.”

“அதத்தான் நானும் சொல்றேன். கட்டிக்கிட்டவன் ஒழுங்காப் புடிச்சுக்கிட்டா கல்லு ஏன் போவுது? நம்ம நடுவுல தண்ணிய ஊத்தி, புடிக்க விட மாட்டேங்குறோம்.”

சிரிப்பு அடங்கிப்போனது. ஆனால் ஒரு ஊர் தன் மரியாதையை அவ்வளவு லேசில் விட்டுவிடாது. ஒன்றும் செய்யாமல் உள்ளே கூப்பிட்டால் அது வந்த கல்லுக்கு அவமானம், அவமானப்பட்டது எங்கே தங்கும் என்று கிழடுகள் கேட்டார்கள். பதில் ஒச்சம்மாவிடமிருந்துதான் வந்தது. சந்தையில் புதுக்கோழி வாங்கிவந்தால் அது பழைய வீட்டுக்கு ஓடிவிடக்கூடாது என்று என்ன செய்கிறோம், எரிகிற அடுப்பைச் சுற்றிக்காட்டித்தானே கூட்டில் விடுகிறோம், கோழிக்கு ஆனது கல்லுக்கு ஆகாதா, தண்ணீருக்குப் பதில் தீயைக் காட்டுவோம் என்றாள். சொல்லிவிட்டு, மரிக்கொழுந்தைப் பார்த்து விரலை நீட்டினாள்.

“அப்புறமும் ரோடு போச்சுன்னு வையி, மில் வேன்ல உன்னைய நானே தூக்கி உக்கார வப்பேன்.”

மரிக்கொழுந்து சரி என்றாள். வேறு என்ன சொல்ல முடியும், அந்த வேன் எப்படியும் வரத்தான் போகிறது.

அதற்குப் பிறகு சுக்காம்பாறை செய்த வேலையைப் போல எந்த ஊரும் எந்த ரோட்டுக்கும் செய்திருக்காது. கல் லாரிகளை எல்லையில் நிறுத்தி ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் உள்ளே அழைத்துவந்தார்கள், நெல் காயப்போடுகிற களத்தில் கல்லைப் பரப்பினார்கள், பெண்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் கீறிக் கீறிப் புரட்டிவிட்டார்கள், மேகம் கறுத்தால் வீட்டுக்கு ஒரு தார்ப்பாய், இல்லாத வீட்டில் கட்டில் விரிப்பு என்று ஓடிவந்து மூடினார்கள், தன் பிள்ளையை நனையவிட்டாலும் கல்லை நனையவிடவில்லை. உச்சிவெயிலில் கல் முனகும். காய்கிற சத்தம் அது, கொஞ்சம் வீட்டு நினைப்பும் இருந்திருக்கும். ஒச்சம்மா களத்தோரம் நின்று, சும்மா முனகாத, எல்லாருந்தான் வந்தோம், இருக்கலையா என்று அதட்டுவாள். காய்ந்த கல்லைக் கூடை கூடையாய்த் தூக்கி, கலவை மிஷினுக்கு அடியில் எரிகிற தீயைச் சுற்றிவந்து, பிறகு சுண்ணாம்பில் பிரட்டினார்கள். பெனிட்டா மேடம் எல்லோருக்கும் கையுறையும் மூக்கு மறைக்கிற துணியும் கொடுத்தாள், சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெண்களெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்ததால் கைப்பிள்ளைகள் அம்மாவைத் தெரியாமல் அழுதன.

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. கல் எவ்வளவு காய்ந்தாலும், போட்டபிறகு ரோட்டோரம் தண்ணீர் தேங்கினால் அது கீழேயிருந்து ஏறும் என்று மேடம் சொன்னாள். ரோட்டை ஒட்டி ஒரு வாய்க்கால் இருந்தது, இருந்தது என்றுதான் சொல்லவேண்டும், ஆளாளுக்கு வாசலில் சிமெண்டுப் பலகை போட்டு மூடி, அதன்மேல் துவைகல்லும் போட்டுவிட்டார்கள். தன் வாசலைத் தானே உடைக்க யாருக்கு மனசு வரும்? எல்லோரும் அடுத்த வீட்டைப் பார்த்தார்கள். அப்போது சோணைமுத்து கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார், தன் வீட்டு வாசல் பலகையை ஓங்கி ஓங்கிக் குத்தி நொறுக்கினார். பலகை போனதும் அடைபட்டுக் கிடந்த சாக்கடை களுக்கென்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெரு முழுக்கக் கடப்பாரை எழுந்தது.

நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து, விழுகிற மழை விழுந்த சூட்டில் வாய்க்காலுக்கு ஓடுகிற மாதிரி ரோடு போட்டார்கள். தார் சூடு ஆறுவதற்குள் ரோலர் ஓடியது, ஆறிப்போன கலவையை மேடம் திருப்பி அனுப்பினாள். கடைசியில் மெயின் ரோட்டைத் தொட்டபோது எல்லோரும் திரும்பி நின்று பார்த்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின ரோடுகளும் முதல்நாள் அழகாகத்தான் இருந்தன.

ஐப்பசி வந்தது. ஒரு காலையில் கிழக்கே இருட்டிக்கொண்டு, தவளைகள் தொண்டையைத் தீட்டிக்கொண்டு, மழை ஒரே அடியாக விழுந்தது. மேற்குத் தெருக்காரர்கள் பழக்கதோஷத்தில் முன்கதவையும் பின்கதவையும் திறந்தார்கள், பாயைச் சுருட்டினார்கள், தொட்டிலை உயர்த்திக் கட்டினார்கள், சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். மரிக்கொழுந்து ஆட்டோவை ரோட்டு நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டாள், ரோடு போனால் எனக்கு அடியிலிருந்துதான் போகவேண்டும் என்று.

முதலில் சத்தம் வந்தது, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம், ஊர் நீளத்துக்கு. பிறகு ரோடு மூச்சை இழுத்த வயிறு மாதிரி மெதுவாக எழும்பியது, ஆட்டோ எழும்பியது, அவளும் எழும்பினாள், ஒவ்வொரு கல்லும் மேற்கே பார்த்து இழுப்பது அவள் உள்ளங்காலில் தெரிந்தது. தண்ணீர் ரோட்டின்மேல் தட்டித் தட்டி வழி கேட்டது. வழி இல்லை. உள்ளேயிருந்து கதவு திறந்துவிட ஈரமும் இல்லை. சுண்ணாம்பு வழியாகத் தார் கல்லைப் பிடித்த பிடி பிடித்தபடி இருந்தது, தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாய்க்காலில் இறங்கி ஓடிப்போனது. ரோடு மூச்சை விட்டது. ஆட்டோ கீழே இறங்கியது.

மேற்குத் தெரு வீடுகளுக்குள் இந்த வாசல் வழியாக வந்து அந்த வாசல் வழியாகப் போனது காற்று மட்டும்தான். சடையன் ரோட்டில் படுத்த இடத்திலேயே கண்விழித்து, கரடு எங்கய்யா போச்சு என்று கேட்டான். பெனிட்டா மேடம் குடையைக் கீழே போட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள், ஊர்க்கோடி வரைக்கும் நடந்தாள், திரும்ப நடந்தாள். ஒச்சம்மா வாசலில் நின்று, அப்பவே சொன்னேன்ல, கோழியும் கல்லும் ஒண்ணுதான் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்கு ரோடு நின்றது, அடுத்த மழைக்கும் நின்றது, தீபாவளி மழைக்கும் நின்றது. எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தபோது கரடு கிளம்பி வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? வருஷா வருஷம் மழைக்கு வீடு திரும்புகிற பிள்ளைகள் தீபாவளிக்குக்கூட வரவில்லை என்றால் பெற்றது வந்து பார்க்கத்தானே செய்யும். விடிந்து ஊர் எழுந்தபோது மேற்கே வெறும் வானம் இருந்தது. கரடு வயல் வரப்பையெல்லாம் சுற்றிக்கொண்டுபோய், மெயின் ரோட்டுக்கு முன்னால் இருக்கிற பாலத்துக்குப் பக்கத்தில், ரோட்டை மறித்து உட்கார்ந்திருந்தது, மேலே ஆவாரம்பூ பூத்தபடி, மயில் அகவியபடி, நேற்று மேயப்போன ஆடுகள் இன்னும் மேய்ந்தபடி. தன் வயிற்றை ரோட்டில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது, அடியில் கல்லெல்லாம் குறுகுறுவென்று பேசின. ஊர் திரண்டு போனது, பெனிட்டா மேடமும் கூடவே போனாள். ஒருத்தரும் ஓடவில்லை, ஒச்சம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கரட்டடியில் வைத்து, சம்பந்தி வழி தெரிஞ்சு வந்துட்டீக என்று உபசாரம் பண்ணினாள். ஆனாலும் எல்லோருக்கும் பயம்தான். கூட்டிப்போக வந்திருந்தால்?

அன்றைக்கென்று மில் அக்காவும் வந்தாள். வேன் கரட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது, டிரைவர் கரட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவள் இறங்கினதும் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் பையோடு வயலில் இறங்கிச் சேறும் சகதியுமாய்ச் சுற்றிவந்தாள், அப்போதும் சிரித்தாள். ரோடு இருந்து என்ன புண்ணியம், அடைச்சுப்போச்சே, சொன்ன சொல்படி புள்ளைய அனுப்பிவைங்கண்ணே என்று சோணைமுத்துவிடம் கேட்டாள். சோணைமுத்து கரட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

மரிக்கொழுந்தின் ஆட்டோவில் ஏற்கெனவே ஆள் ஏறியிருந்தது, வெங்காய மூட்டையோடு இரண்டு பெண்கள். ஹாரன் அடித்தாள். கரடு அசையவில்லை. விடாமல் அடித்தாள். மயில்தான் பதில் சொன்னது. இறங்கி, ஈரத்தில் செருப்பு சளக்சளக்கென்று ஒட்ட நடந்துபோய்க் கரட்டுக்கு முன்னால் நின்றாள். அவள் அதன் ஒரு பாறை உயரம்கூட இல்லை.

“பாத்துட்டீகல்ல? ஒண்ணும் கெட்டுப்போகல. காய வச்சு, சுண்ணாம்பு பூசி, ஊரே கையில வச்சுத் தாங்கியிருக்கோம். உங்க புள்ளைகளத்தான் கேளுங்களேன், வரணும்னா வரட்டும், நான் தடுக்கல. வரலன்னா நகருங்க. டவுன்ல எனக்கு ஆளு நிக்குது.”

கரடு யோசித்தது. கரடு யோசித்தால் நேரம் ஆகும். அடியில் கல்லெல்லாம் பேசி முடித்து அமைதியாகும் வரைக்கும் காத்திருந்தது, ஒரு கல்லும் உருவிக்கொண்டு வரவில்லை. பிறகு மெல்ல எழுந்தது.

வந்த மாதிரி வயலைச் சுற்றிப் போகவில்லை. அதற்கும் வயசாகிவிட்டது, நல்ல வழி ஒன்று கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது சேற்றில் ஏன் இறங்கவேண்டும்? ரோட்டின்மேல் ஏறி நடந்தது. மரிக்கொழுந்து ஓடிவந்து ஆட்டோவை ஓரம் கட்டினாள், ஜனம் வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. லாரி இல்லை, ரோலர் இல்லை, ஒரு முழுக் கரடு, மயிலும் ஆவாரஞ்செடியும் ஆடுமாக, மழை ஊறின எடையோடு, ஈர ரோட்டில் காலடி வைத்துக் காலடி வைத்து, ரேஷன் கடையைத் தாண்டி, மந்தையைத் தாண்டி, மேற்கே தன் இடத்துக்கு நடந்துபோனது. ஒவ்வொரு அடிக்கும் பெனிட்டா மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். அது போய் உட்கார்ந்த அதிர்ச்சியில் ஊரில் பாத்திரமெல்லாம் ஒருதரம் ஆடி நின்றது.

மேடம் முழங்கால் போட்டு உட்கார்ந்து ரோட்டைக் கையால் தடவினாள், முழங்காலிலேயே நகர்ந்து நகர்ந்து தடவிக்கொண்டு போனாள். ஒரு கீறல் இல்லை. முன்னைவிட அழுந்தி, முன்னைவிடக் கறுத்து மினுங்கியது. எழுந்தவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “இனி இந்த ரோட்டுக்கு ஒரு டெஸ்டும் வேண்டாம்” என்றாள்.

அப்போதுதான் சோணைமுத்து நகர்ந்தார். நேரே மில் அக்காவிடம் போனார், அவள் கையிலிருந்த பையை மரியாதையாக வாங்கினார், அவளும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். பையைக் கொண்டுவந்து ஆட்டோவில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார், விழுந்துவிடாமல் ஒரு தட்டுத் தட்டினார்.

“அவுகளுக்கு வேன் போயிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விட்டுட்டு வா” என்றார் மகளிடம். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார், நடக்கும்போது கை வீசிக்கொண்டு நடந்தார், அவர் அப்படி நடந்து ஊர் பார்த்ததில்லை.

மில் அக்கா இரண்டு பெண்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பியது, மழை மறுபடி பிடித்துக்கொண்டது, நல்ல மழை, கண்ணாடி மேல் சரஞ்சரமாய் இறங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது போல, முன்னால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“அப்ப நீ வரலையா பாப்பா?”

“வர்றேனேக்கா. நான் வராம வண்டிய யாரு ஓட்டுறது?” என்று சொல்லி மரிக்கொழுந்து கியரை மாற்றினாள்.